ஏற்றத்தில் படுத்துவிடும் வண்டி

நாமக்கல்லில் வக்கீல் தொழில் பார்க்கும் மாப்பிள்ளை தமிழ்செல்வன் அவர்களுக்கு, மலைமேல் திருப்புலி நாட்டு ஊரிலிருந்து மாமனார் அர்த்தனாரி எழுதிக்கொண்டது. இங்கே நலம். தாங்களும் மகள் பூங்குழலியும் நலமாயிருக்கக் குலசாமியை வேண்டுகிறேன். மிளகு இந்த வருஷம் சுமார். உங்கள் மாமியார் பொன்னம்மாளும் சுகம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் வாசலூர்பட்டி படகுத்துறைப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனி ஆட்கள் லாரியில் பேட்டரி ஸ்கூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். விற்பனையாளர் ஜான்பீட்டர், "ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க சார்" என்றார். ஓட்டினேன். சத்தமில்லை, புகையில்லை, சுகமாகக் கீழே போய்ச் சேர்ந்தேன். திரும்பும்போது வண்டியையும் என்னையும் அவரே லாரியில் ஏற்றிக் கூட்டிவந்தார். என்ன மரியாதை என்று பூரித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் இறக்கத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்து வண்டி வாங்கிவிட்டேன் மாப்பிள்ளை! பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பொன்னம்மாளைப் பின்னால் ஏற்றிக் கீழே சந்தைக்குப் போனேன். வரும்போது முதல் வளைவிலேயே படுத்துவிட்டது. பாவம், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் தள்ளினாள். மறுநாள் இரண்டு பேருமாகக் கீழே கம்பெனிக் கடைக்குக் கொண்டுபோனால், சமதரையில் அது குதிரையாக ஓடுகிறது. ஜான்பீட்டர் பொன்னம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தாங்க இருக்கு. அம்மாதான் கொஞ்சம் வெயிட்டு" என்றார்.

நான் சிரித்திருக்கக் கூடாது.

அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேச்சுதான் இல்லை. மரவள்ளி மூட்டையோடு எங்கள் இருவரையும் முனகாமல் ஏற்றிய பழைய மொபட்டைப் பெரக்கரை நாட்டுக் குப்புசாமியிடம் விற்றுத் தொலைத்தேனே என்று தினமும் புலம்புகிறேன். குறையுள்ள வண்டியைத் திருப்பிக் கொடுக்க வாங்கினவனுக்கு உரிமை உண்டு என்று டிவியில் சொன்னார்கள். உடனே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அந்த ஜான்பீட்டர் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் அதில் சேருங்கள். நான் சிரித்ததை எழுத வேண்டாம்.

குடும்பத்தோடு நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அர்த்தனாரி

பி.கு: கவரை ஒட்டப் போனேன், குப்புசாமி மொபட்டோடு வந்து நிற்கிறார். "ஏறுதுங்க, ஆனா இறக்கத்துல பிரேக்கு புடிக்கலீங்க. திருப்பி எடுத்துக்குங்க, எனக்கு உரிமை இருக்குது" என்கிறார். அவர் வீட்டிலும் டிவி இருக்கிறது. விற்றதைத் திரும்ப வாங்கவேண்டாம் என்று ஏதாவது சட்டம் உண்டா என்று கேட்டு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் பொன்னம்மாள் வெளியே போய் மொபட்டின் பின்சீட்டை முந்தானையால் துடைத்தாள். "ஏனுங்க, வாங்கிப் போடுங்க. பிரேக்க மாத்திக்கலாம். இது என்னைய ஒருநாளும் வெயிட்டுன்னு சொன்னதில்ல" என்றாள். பேசிவிட்டாள் மாப்பிள்ளை!

குப்புசாமி ஒற்றை ஆள், ஒட்டிய உடம்பு. புது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டு இப்போதுதான் கிளம்பினார். ஆகவே நோட்டீஸை நிறுத்தி வையுங்கள். அவர் இறக்கப் பக்கமாகத்தான் போயிருக்கிறார்.