ஃபாரின் டேபிளும் பூஜ்யரும்

மனிதகுல வரலாற்றில் குடிமக்களின் மனக்குறையை அடியோடு ஒழித்துக்கட்டிய அலுவலகம் ஒன்று உண்டென்றால், அது அந்தக் குடிநீர் வாரியம்தான். வாரக்கணக்கில் அதன் திரையில் புகார்களின் எண்ணிக்கை பூஜ்யம். இந்தச் சாதனைக்காக ஊழியர்கள் இயக்குநருக்குப் ‘பூஜ்யர்’ என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். மரியாதையால்தான் என்று அவர் நம்பினார்.

பாராட்டு விழாவுக்கு ஏற்புரை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி போன் செய்தார்.

“குழாயில காத்துதான் வருது. தெனமும் புகார் சொல்றேன், ஏன்னு கேக்க நாதியில்ல.”

“உன் புகார் எங்க திரையில இல்லையே!”

“அப்ப அந்தத் திரையைப் புழிஞ்சு ரெண்டு குடம் அனுப்புங்க!”

வீட்டுக் குழாயில் வராத நீர் பூஜ்யரின் நெற்றியில் துளிர்த்தது. தரவுத்தளத்தைக் கவனிக்கும் பெண்ணைக் கூப்பிட்டார்.

“சார், புகாரெல்லாம் நம்மகிட்ட இல்ல. அழைப்பு மையத்து கம்ப்யூட்டர்ல இருக்கு. ஃபாரின் டேபிள் வழியாத்தான் நாம பாக்கிறோம்.”

“ஃபாரின் டேபிளா? நம்ம ஊர் மேஜைக்கு என்ன கொறச்சல்?”

“மேஜை இல்ல சார், அட்டவணை. பக்கத்து வீட்டை எட்டிப் பாக்கிற ஜன்னல் மாதிரி. அவங்க பழைய அட்டவணையைக் காலி பண்ணிட்டு, எல்லாத்தையும் புதுசுல போடறாங்க. நாம காலி வீட்டையே பாத்துட்டிருக்கோம். ஜன்னலோட ஆப்ஷன்ல அட்டவணை பேரை மாத்தணும். ஒரே வரி.”

ஒரே வரி என்பதால் பூஜ்யர் அவசரப்படவில்லை. உயர்மட்டக் குழு அமைத்தார். ‘ஃபாரின்’ என்று இருப்பதால் வெளியுறவு அனுமதி வேண்டுமா என்று கணக்கு அதிகாரி ஆழ்ந்த கவலையுடன் வினவினார். ஆப்ஷனை ‘ஆட்’ செய்து சேர்க்கலாம், ‘செட்’ செய்து மாற்றலாம், ‘டிராப்’ செய்து நீக்கலாம் என்று தரவுத்தளப் பெண் விளக்கினாள்.

“டிராப்பே போடும்மா. சொட்டாவது வரட்டும்” என்றார் நீரேற்று அதிகாரி.

அப்போது மறுபடியும் மனைவியின் போன். “அழுக்குத் துணி மூட்டையோட ஆபீசுக்கே வரேன்!”

குழு ஏகமனதாக ஒப்புதல் அளித்தது.

‘ஆல்டர் ஃபாரின் டேபிள்’ என்று தொடங்கி, ‘செட்’ போட்டு, புதுப் பெயரைக் கொடுத்து அவள் பொத்தானைத் தட்டினாள். திரை புகார்களால் நிரம்பி வழிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: “தண்ணீர் இல்லை. என் கணவர் அங்கேதான் வேலை பார்ப்பதாகச் சொல்கிறார்.”

பூஜ்யர் தளரவில்லை. தரவுத்தளப் பெண்ணுக்கு உடனே குறிப்பாணை அனுப்பினார்: “தாங்கள் தட்டும்வரை நகரில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏதுமில்லை. தாங்கள் தட்டியதால் ஏற்பட்ட இத்தட்டுப்பாட்டுக்கு உரிய விளக்கம் அளிக்கவும்.”

அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்கு வந்தாள்.

“பழைய பேரையே போட்டுடவா சார்? தட்டுப்பாடு தீந்துடும்.”

பூஜ்யர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“போடும்மா. எங்க வீட்டுக்குத் தண்ணி லாரி போய்ச் சேர்ந்ததும் போடு.”