ரிட்டர்ன் அண்ணன் எழுதிய சீட்டுகள்

'சூப்பர்' என்று சொன்னால் முகம் வாடிப்போகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். காஞ்சிபுரத்தில், காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறார். அவர் செய்தது நன்றாக இல்லை என்று சொல்லிப் பாருங்கள், ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, எங்கே எப்படி என்று விசாரிப்பார். சூப்பர் என்று சொன்னால் ரசீதைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சந்தில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் ரிட்டர்ன் அண்ணன். ஊரிலிருந்து கிளம்பிப் போகும் புடவைகளில், வாங்கியவருக்குப் பிடிக்காமல் திரும்பி வருபவை எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அடுக்கில்தான் வந்து சேரும். ஒவ்வொன்றையும் துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு வாங்கி, 'ரிட்டர்ன்' என்ற ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்துவார். அந்த முத்திரையில் மூன்று காரணங்கள் இருக்கும்: ஆள் இல்லை, முகவரி தவறு, வாங்க மறுப்பு. பொருத்தமானதற்கு எதிரில் டிக் அடிப்பார். அவர் கட்சி என்னவென்றால், புடவை ஒருநாளும் தப்பு செய்யாது, அதைக் காட்டிய வீடியோதான் தப்பு செய்யும்.

நான் அப்படி வீடியோ போடுகிறவள். ஊரை ஒட்டிய ஓரிக்கையில், எங்கள் வீட்டு முன்னறையில் செல்போனை டிரைபாடில் மாட்டி, புடவையை விரித்துக் காட்டி விற்கிறேன். சேனலுக்கு நாலு பேர் வருவார்கள், இரண்டு பேர் போவார்கள். முதல் பார்சலைக் கொண்டுபோன அன்றே ரிட்டர்ன் அண்ணன் லிங்க் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் ரசீதுக்கு அடியில், வீணாய்ப்போன ரசீதின் பின்பக்கத்தில் எழுதி நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது.

'1. ஹாய் ஃப்ரெண்ட்ஸ் மூன்று முறை. ஒரு முறை போதும். நாங்கள் இன்னும் ஃப்ரெண்ட் ஆகவில்லை. 2. முந்தியை விரிக்கும்போது உங்கள் தலை மறைக்கிறது. விற்பனைக்கு இருப்பது முந்தி. 3. நடுவில் குக்கர் விசில் ஏழு. சாதம் குழைந்திருக்கும்.'

சாதம் குழைந்துதான் இருந்தது. அதனால் கோபம் இரண்டு மடங்காக வந்தது. வீட்டுக்குப் போய் போனைத் திறந்தால், அதே வீடியோவுக்குக் கீழே அதே மனிதர் எழுதியிருக்கிறார்: 'அருமையான பதிவு சகோதரி. புடவையைத் தொட்டுப் பார்த்ததுபோல் இருந்தது. மென்மேலும் வளர்க.' பக்கத்தில் பன்னிரண்டு ரோஜாப்பூ.

மறுநாள் நேராகப் போய்க் கேட்டேன்.

"என்னாண்ணா இது? இங்க ஒண்ணு எழுதிக் குடுக்கறீங்க, அங்க ஒண்ணு போடறீங்க. எதுண்ணா நெசம்?"

"ரெண்டும் நெசம்தாம்மா. நல்லா இருக்கறத நாலு பேரு எதிர்ல சொல்லணும். குறைய கவர்ல போட்டு ஒட்டி, அவங்க கையில மட்டும் குடுக்கணும். டெலிவரின்னா அதான்."

சீட்டை அவர் எதிரிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் அடுத்த வீடியோவில் ஹாய் ஃப்ரெண்ட்ஸ் ஒருமுறைதான் வாயில் வந்தது. குக்கரையும் முன்னாடியே இறக்கி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த சீட்டுகளைக் கிழிக்கவில்லை, ஒரு புடவைப் பெட்டியில் போட்டு வைத்தேன். ரோஷம் வேறு, வியாபாரம் வேறு இல்லையா?

ஒருமுறை கோயம்புத்தூர் அம்மா ஒருவர் ஒரு புடவையைத் திருப்பி அனுப்பினார். வீடியோவில் சிவப்பு, கைக்கு வந்தது அரக்கு என்று புகார். ரிட்டர்ன் அண்ணன் பார்சலைப் பிரித்து, புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தின் நடுவே வெயிலில் போய் நின்றார். ஒரு கையில் புடவை, ஒரு கையில் என் வீடியோ. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ பிரேக் அடித்தது.

"யோவ், பொடவ காயப்போட வேற எடம் கெடைக்கலியா?"

"கலர் பாக்கறன்பா. நீயே எறங்கி வந்து சொல்லு. இது அரக்கா, செவப்பா?"

டிரைவர் நிஜமாகவே இறங்கினார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் இறங்கினார்கள். அரக்கு என்று ஐந்து பேர், சிவப்பு என்று ஒருவர். அந்த ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற கோபத்தில் இருந்தார். அண்ணன் என்னிடம் திரும்பி, "ட்யூப்லைட்ட நிறுத்திட்டு ஜன்னலாண்ட வெச்சி எடும்மா" என்றார். எடுத்தேன். அதற்கப்புறம் பல மாதம் நிறத்தால் ஒரு புடவைகூடத் திரும்பவில்லை. ஊரில் நிறத்துக்கு அவர் கண்தான் கண் என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் சித்திரை வாக்கில் சீட்டுகள் மாறின. தலை, விசில், பேச்சு எல்லாம் போய் நிறம் மட்டுமே மிஞ்சியது. 'வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது.' 'நீலம் பச்சையடிக்கிறது.' என் கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொல்பவர் ரிட்டர்ன் அண்ணன் ஆயிற்றே. பல்பை மாற்றினேன், போனில் இருக்கிற எல்லா செட்டிங்கையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவருக்கு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த அன்று, என் க்ரீம் புடவைகளை வெள்ளை என்று நம்பி வாங்கியவர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அடுக்கில் பாதி என்னுடைய பார்சல்கள்.

"உங்க பேச்ச கேட்டுத்தாண்ணா லைட்ட மாத்தினேன். எல்லாம் திரும்பி வந்துக்கினு இருக்குது. கண்ணத் தொறந்து பாத்துதான் எழுதறீங்களா?"

கவுன்ட்டரில் கூட்டம் இருந்தது. குறையைக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொன்ன மனிதரை நாலு பேர் எதிரில் கேட்டேன்.

"எனக்கு அப்டித்தாம்மா தெரியுது" என்றார். அன்றிலிருந்து சீட்டு நின்றுபோயிற்று.

ஆடியில் அவரே ஒரு சேனல் தொடங்கினார். 'பார்சல் கட்டுவது எப்படி? பாகம் ஒன்று.' லிங்கை அனுப்பிவிட்டு, நான் போனபோது வாயாலும் சொன்னார்.

"முழுசா பாரும்மா. பத்து நிமிஷந்தான். பாத்துட்டு ஒரு சீட்டு எழுதிக் குடு. கவர்ல போட்டுக் குடும்மா."

ஆடித் தள்ளுபடி நேரம். எனக்கு மூச்சு விட நேரமில்லை, மனதில் பழைய கோபமும் கொஞ்சம் இருந்தது. திறந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். கட்டைவிரலைத் தட்டி, 'சூப்பர் அண்ணா' என்று எழுதி, கை தட்டும் பொம்மை மூன்று வைத்துவிட்டு மூடினேன்.

மறுநாள் கேட்டார். "சீட்டும்மா?"

"எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லண்ணா. சூப்பரா இருக்குது."

"சரிம்மா" என்றார். ரசீதைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

பாகம் இரண்டு வரவில்லை. ஐப்பசியில் ஒருநாள் போனால் கவுன்ட்டரில் வேறொருவர் இருந்தார். வாலாஜாபேட்டைக்குப் போக வேண்டிய பார்சலை அண்ணன் வாலாஜாபாத்துக்கு அனுப்பிவிட்டாராம். அவர் தப்பால் திரும்பி வந்த முதல் பார்சல் அதுதான். அதற்குப் பிறகுதான் வீட்டில் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ரெண்டு கண்ணுலயும் புரையாம்மா. அத எடுத்துடலாமாம். ஆனா எடது கண்ணுல சக்கர உள்ள போயி கெடுத்திருக்குது. மூணு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாராம்" என்றார் புது ஆள்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆடிக்குப் போய் நின்றது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த வீடியோவைப் பார்த்தேன். நாலு நிமிஷம் அட்டைப்பெட்டி, டேப், கத்தரிக்கோல். ஐந்தாவது நிமிஷத்தில் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அடுக்கிலிருந்து ஐந்து புடவைகளை எடுத்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி நிறத்தைச் சொன்னார். க்ரீமைத் தூக்கி மஞ்சள் என்றார். நீலத்தைத் தூக்கிப் பச்சை என்றார். ஐந்தையும் சொல்லி முடித்துவிட்டு, கேமராவைப் பார்த்து, "சரியா இருந்தா சரின்னு சொல்லுங்க. தப்பா இருந்தா எனக்கு ஒரு சீட்டு எழுதுங்க" என்றார். அப்புறம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அதற்குக் கீழே என் பொம்மைகள் மூன்றும் கை தட்டிக்கொண்டிருந்தன. நான் வாய்விட்டு அழுதேன்.

கார்த்திகையில் கறுப்புக் கண்ணாடியோடு கவுன்ட்டருக்குத் திரும்பினார். நான் போய் எதிரில் நின்றேன்.

"அண்ணா, அந்த வீடியோவ நான் பாக்கவே இல்ல. பொய் சொன்னேன்."

"தெரியும்மா. அப்ப மொத்தமே ரெண்டு பேரு பாத்தது. ஒண்ணு நானு, ஏறிச்சான்னு பாத்தேன். இன்னொண்ணு பதினோரு செகண்டுல போயிடுச்சி."

"வீட்டுலயாவது கேட்டிருக்கலாமேண்ணா!"

"பயந்துடுவாங்கம்மா. அதான் கவர்ல கேட்டேன்" என்றவர், "சித்திரைலேர்ந்து நான் குடுத்த சீட்டெல்லாம் வெச்சிருக்கியா? கொண்டா" என்றார்.

புடவைப் பெட்டியோடு கொண்டுபோனேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பழைய வீடியோவையும் வலது கண்ணால் மறுபடி பார்த்து, நிறம் பற்றி எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மேலே ரிட்டர்ன் முத்திரை குத்தி, முகவரி தவறு என்பதற்கு எதிரில் டிக் அடித்து வைத்திருந்தார். கூடவே பெட்டிக்குள் கிடந்த மற்ற சீட்டுகளையும் விடவில்லை. "தலைய பத்தி எழுதினது மட்டும் நிக்குது. இன்னும் மறைக்குதும்மா" என்றார்.

அன்று நானும் ஒரு கவர் கொண்டுபோயிருந்தேன். அவருடைய பத்து நிமிஷத்துக்கும் எழுதிய சீட்டு. பிரித்து, வலது கண்ணருகே வைத்துப் படித்தார். 'டேப் கிழிக்கும் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை' என்ற இடத்தில் தலையாட்டினார். 'ஐந்தாவது நிமிடம்: அது நீலம், அண்ணா' என்ற இடத்தில் முகமே மலர்ந்துவிட்டது. மூன்றாவது வரியில் நின்றார். 'பார்க்க வேண்டிய நேரத்தில் நான் பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.'

"இது என் வீடியோல இருக்கற குறை இல்லியேம்மா" என்றார். முத்திரையை எடுத்து அந்த வரியின் மேல் ஓங்கிக் குத்தினார். வாங்க மறுப்பு என்பதற்கு எதிரில் டிக் அடித்து, சீட்டை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

பாகம் பதினாலு வரை வந்துவிட்டது. எத்தனை வேலை இருந்தாலும் உட்கார்ந்து கடைசி நொடி வரை பார்க்கிறேன். ஒவ்வொரு பாகத்திலும் ஐந்தாவது நிமிஷத்தில் புடவைகளைத் தூக்கிக் காட்டி, அவர் நல்லபடியாக நிறத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வருவதில்லை.