முனியாண்டிக்கு ஊற்றிய பன்னிரண்டு போத்தல்

மதிப்பிற்குரிய மச்சான் இராமசாமி அவர்களுக்கு,

ஈப்போவுக்கு அப்பால், குடியை மறக்கடிக்கும் இல்லத்திலிருந்து உங்கள் தங்கை புருஷன் சின்னையா எழுதிக்கொள்வது. பாரிட் புந்தாரில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை. நான் சுகமாக இல்லை. கொதித்துப்போய் இருக்கிறேன். நான் மறுபடியும் குடித்துவிட்டேன் என்று இந்த இல்லத்து மேலாளர் தம்பிமுத்து உங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருப்பார். வந்திருந்தால் முதல் வேலையாக அதைக் கிழித்துப் போடுங்கள்.

நடந்ததைக் கேளுங்கள். போன மாதம் மாதுமை என்று ஒரு டாக்டரம்மா, இந்த மாதிரி இல்லங்களை மதிப்பீடு செய்கிறவர், கையில் கேள்விகள் அச்சடித்த பாரத்தோடு வந்தார். இங்கே தரும் சிகிச்சை உங்கள் பண்பாட்டுக்கு ஏற்றதா, ஐந்துக்கு எத்தனை என்று கேள்வி. கஞ்சியில் உப்பில்லாத கோபத்தில் நாங்கள் எட்டுப் பேரும் ஒன்று போட்டோம். மலையடிவாரத்தில் காட்டுப் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களுக்கென்று இருக்கும் இல்லத்துக்கு ஐந்து கிடைத்ததாம். அங்கே அவர்களுடைய பெரியவர்களையே கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டு, அவர்கள் பாட்டு, அவர்கள் ஆட்டம், அவர்கள் மருந்து என்று நடத்துகிறார்களாம். தம்பிமுத்துவுக்குப் பொறாமை தாங்கவில்லை. யாழ்ப்பாணத்து வம்சம், பிள்ளையாருக்கு மோதகம் படைத்து வளர்ந்தவர், எஸ்டேட் சாமியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பலா மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, "இனி இதுதான் உங்கட முனியாண்டி. பூசைச் சாமான் என்னென்ன வேணுமெண்டு நீங்களே எழுதித் தாங்கோ" என்றார். யாரிடம் கேட்கிறார் பாருங்கள், எட்டுக் குடிகாரர்களிடம்! முனியாண்டிக்குச் சுருட்டும் ஸ்டவுட் என்கிற கறுப்புப் பீரும் இல்லாமல் நம் தோட்டத்தில் என்றைக்குப் படையல் நடந்தது? சுருட்டு இரண்டு, ஸ்டவுட் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்தோம். அந்த மனிதர் வாங்கியும் வந்துவிட்டார்.

பூசையன்று மறுபடி மதிப்பெண் போட வந்த டாக்டரம்மா பாரத்தோடு முன்னால் உட்கார்ந்திருக்க, மூத்தவன் என்று என்னைப் பூசாரியாக்கினார்கள். போத்தல்களைத் திறந்தேன். எங்களில் ஒருவனான லோரிக்காரன் ஷர்வின் காதோரம் வந்து, "அண்ணே, சாமிக்கு ஒண்ணு ஊத்துனா போதும்லா. மிச்சம் பிரசாதம். பிரசாதத்த வேணாம்னு சொன்னா சாமி குத்தம் ஆயிடும்" என்றான். மற்றவர்களும் பக்தியோடு தலையாட்டினார்கள். எனக்கும் நாக்கில் ஊறியது, மறைக்க மாட்டேன். ஆனால் என் மகள் தினேஸ்வரி சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது: "தொண்ணூறு நாள் முழுசா குடிக்காம இருந்துட்டு வாங்கப்பா. அப்பதான் நீங்க என்னைத் தாரை வார்க்கலாம். இல்லாட்டி மாமாவே செய்யட்டும்." கல்யாணத்துக்கு இன்னும் அறுபது நாள், எனக்கு நாற்பத்தொரு நாள் முடிந்திருந்தது. பன்னிரண்டையும் கல்லின் தலையில் கவிழ்த்தேன். ஏழு பேரும் ஈர மண்ணைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். ஷர்வின் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அதற்கு எனக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? வேட்டியெல்லாம் ஸ்டவுட் வாடை. தம்பிமுத்து முகர்ந்து பார்த்து, "திரும்பவும் குடியில விழுந்திட்டீர், ஐசே" என்று என் நாற்பத்தொரு நாளையும் அழித்துச் சைபர் போட்டார். டாக்டரம்மா பண்பாட்டுக்கு ஐந்து போட்டுவிட்டுப் போனார். இல்லத்துக்கு ஐந்து, எனக்குச் சைபர்! இது எந்த ஊர் நியாயம் மச்சான்? நீங்கள் உடனே காரை எடுத்துக்கொண்டு வந்து அந்த மனிதரின் மேசையைத் தட்டிக் கேட்க வேண்டும். என் மகளை நான்தான் தாரை வார்ப்பேன், வேறு யாரையும் விடமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஒரு சொட்டும் தொடாத
சின்னையா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஊற்றி முடித்துக் கற்பூரம் ஏற்றியபோது கையெல்லாம் நுரை. எல்லோரும் கண்ணை மூடிக் கற்பூரத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளங்கையை நக்கினேன் மச்சான், இரண்டு கையையும். யாரும் பார்க்கவில்லை. தம்பிமுத்து போட்ட சைபர் சரிதான், நீங்கள் வர வேண்டாம். இன்றைக்கு எனக்கு நாலாவது நாள். தொண்ணூறு முடிவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். தினேஸ்வரியை நீங்களே தாரை வார்த்துக் கொடுங்கள். அப்பா ஏன் வரவில்லை என்று கேட்பாள். கை நக்கியதைச் சொல்லிவிடுங்கள்.