எல்லாவற்றுக்கும் ஒரே கதவு

அன்பு மிகுந்த அக்காவுக்கு, தங்கை எழுதுவது. இங்கு நானும் என் ஜன்னலும் நலம். நீயும் அத்தானும் வயிற்றிலிருக்கும் குட்டியும் நலமாயிருக்க வேண்டும்.

"பிரசவத்துக்கு வருவியா, மாட்டியா?" என்று கேட்டிருந்தாய். "எப்படியும் ஒருநாள் வருவேன்" என்று எழுதினேன். "இதெல்லாம் ஒரு பதிலாடி?" என்று திட்டியிருக்கிறாய். நியாயம்தான். என் வேலையிலும் இதே கோளாறு.

கிளை நூலகங்களின் மென்பொருள்கள் எங்கள் தலைமை நூலகக் கணினியிடம் பேச ஒரு இடைமுகம் அமைக்கச் சொன்னார்கள். கதவு என்று வைத்துக்கொள். நான் ஒரே கதவு வைத்தேன்: 'வேண்டியதைக் கேள்'. வானத்துக்கு வாசல் வைத்த மாதிரி அவ்வளவு அழகு! ஒரு கிளைக்காரர் புகார்ப் பெட்டியையே அதில் இணைத்துவிட்டார். ஒரு பெரியவரின் முழங்கால் வலிக்கு 'ஏற்கப்பட்டது' என்று பதில் போயிற்று. அவர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார். மேனேஜர் தலையில் கைவைத்து, "குறிப்பா கேக்குற மாதிரி பண்ணும்மா" என்றார். பண்ணினேன். எண்பத்து மூன்று கதவுகள். நனைந்ததைத் திருப்ப ஒன்று, கிழிந்ததைத் திருப்ப ஒன்று. மறுவாரமே ஒரு நூலகர் அம்மா போன் பண்ணி, "நனைஞ்ச கதவு 'கிழியலையே?'ங்குது, கிழிஞ்ச கதவு 'காஞ்சிருக்கா?'ங்குது. என் கையில ரெண்டும் ஆன புத்தகம். காயப் போடவா, தைக்கவா, நீயே சொல்லு தாயி"ன்னாங்க. அன்னிக்கு மத்தியானம் மேஜையிலயே கண்ணசந்துட்டேன்க்கா. நீளமா ஒரு நடை, ரெண்டு பக்கமும் கதவு, எதைத் திறந்தாலும் அதே கடல், கரையில நீ காலை நீட்டி உக்காந்திருக்க. எதுல வர்றதுன்னு தெரியாம நான் நின்னுட்டே இருக்கேன்.

முழித்ததும் நாலாகக் குறைத்தேன். எடு, திருப்பு, தேடு. புத்தகத்தின் நிலையைத் திருப்பும்போதே எழுதிக்கொள்ளலாம். நாலாவது, 'மற்றவை'. அதில் எது வந்தாலும் என் போனில் மணியடிக்கும். இப்போது முக்கால்வாசிப் பேர் அதில்தான் வருகிறார்கள். போனை விட்டு நகர முடியாது. அதனால் பிரசவத்துக்கு வர இயலாது, அக்கா. மன்னித்துவிடு.

அத்தானுக்கு வணக்கம். குட்டிக்கு முன்கூட்டியே ஒரு முத்தம்.

இப்படிக்கு,
தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது மறுபடி மணி. அந்த முழங்கால் பெரியவர்தான், இப்போது இடுப்பாம். 'மற்றவை'யை மேனேஜர் போனுக்கு மாற்றிவிட்டேன். வியாழக்கிழமை காலை ஆறு நாற்பது வண்டி, மூன்று வாரம் இருப்பேன். மணியடித்தால் "யாரு, என்ன வேணும்?" என்று கேட்காதே. திற.