அரைப்பேரு ரொட்டி

பசியோடு வந்தவனைப் பசியோடே திருப்பி அனுப்புவதற்காகச் சாப்பாட்டுக்கடை திறந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். அட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகும் பாதையோரம், மழை விடாமல் குட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகரச் சாய்ப்பில் அவர் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. எங்களுக்கு அது பெரட்டுக்கடை, அவர் பெரட்டுக் கங்காணி. பெற்றவர்கள் வைத்த பெயரை நாங்கள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

பெரட்டு என்றால் என்னவென்று தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும் முன்பே தப்பு அடித்து, ஆட்களைக் குளிரில் வரிசையாக நிறுத்தி, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்பும் சடங்கு அது. இவர் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் சில்லறைக் கங்காணியாக இருந்தவர். பெரிய கங்காணிக்குக் கீழே, கொழுந்தெடுக்கும் பெண்கள் கொஞ்சப்பேரை மேய்க்கிறவர் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சில்லறையை அவர் பெரிய நோட்டாக மாற்றிக்கொண்டு நடந்தார். கறுப்புக் கோட்டு. தலைப்பாகை. கோட்டின் பின்கழுத்தில் கொளுவித் தொங்கும் குடை. தூரத்திலிருந்து பார்த்தால் சிறகு மடித்த பெரிய காகம் ஒன்று நிமிர்ந்து நடக்கப் பழகுவது போலிருக்கும். கிட்டப் போனாலும் அப்படித்தான்.

தோட்டத்தை விட்டு ஏன் வந்தார்?

"தொரைகிட்ட மூஞ்சிக்கு நேரா ரெண்டு வார்த்த கேட்டேன். வந்துட்டேன்." இது அவர் சொன்னது.

ஊர் சொன்னது வேறு. அவருக்குக் கீழேயிருந்த பெண்கள் எல்லாரும் ஒருநாள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்களாம். இந்த மனுசன் போனால்தான் எழுந்திருப்போம் என்றார்களாம். துரை அவரைப் போகச் சொன்னாராம். நான் ஊர்க் கட்சி.

வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும், அந்த ஒற்றை அறையும், போய்விடும். புருஷனும் பெண்சாதியும் சட்டிபானையோடு அட்டனுக்கு வந்து நின்றார்கள். சாமான்கடை முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, இரக்கப்பட்டு, தன் கடையோடு ஒட்டியிருந்த சாய்ப்பைக் கொடுத்தார். முன்பக்கம் வியாபாரம், சாக்குத் திரைக்குப் பின்னால் குடித்தனம். ரொட்டி தின்ன வருகிறவன் அப்படியே சீனியும் கருவாடும் வாங்கிப் போவான் என்பது நானாவின் எண்ணம்.

"தீவாளி மட்டும் பாப்பேன் கங்காணி," என்றார் நானா. "அதுக்குள்ள ஆள் சேரல்லண்டா, தையக்காரன் ஒருத்தன் மெஷினோட காத்திட்டிருக்கான். எடத்த அவனுக்குக் குடுத்துருவேன்."

நியாயமான பேச்சு. அந்தச் சாய்ப்பு போனால் அந்த இரண்டு பேருக்கும் தலைக்கு மேலே வானம்தான். அட்டன் வானத்தின் கீழே யாரும் குடித்தனம் நடத்த முடியாது. வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கே வாசலில் நின்று, போகிறவன் வருகிறவனையெல்லாம் மாமா மச்சான் என்று கூப்பிட்டிருப்பான்.

நம்மவர் தகரத்தைத் தட்டினார்.

மெய்யாகத்தான். மூடுபனி பாதையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தில், காலி மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கம்பால் டங்கு டங்கு என்று அடிப்பார். "பெரட்டு! பெரட்டு! ஆம்பளையாளு இந்தப் பக்கம், பொம்பளையாளு அந்தப் பக்கம்!" கொழுந்தெடுக்க வந்தவர்களை அல்ல, காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர்களை. கையை நீட்டிக் காட்ட வேண்டும். நகத்தில் அழுக்கா, வரிசையின் வாலுக்குப் போ. பேச்சா, வாலுக்குப் போ. அப்போது நான் ஒரு மருந்துக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். தனிக்கட்டை, அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அந்தக் கதி. கொட்டாவி விட்டதற்காக என்னை ஒருநாள் வாலுக்கு அனுப்பினார்.

"கொட்டாவி விடுறவன் வேலையில என்னாத்தக் கிழிப்பான்?"

"நான் வேலைக்கு வரல்ல கங்காணி, ரொட்டிக்கு வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். போ பின்னுக்கு!"

இதையாவது பொறுக்கலாம். அரைப்பேரு என்று ஒன்று வைத்திருந்தாரே, அதைத்தான் பொறுக்க முடியாது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேரு. பிந்தி வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப்பேரு, அதாவது பாதிச் சம்பளம். இதை அந்த மனிதர் ரொட்டிக்குக் கொண்டுவந்தார். தகரச் சத்தம் அடங்கிய பிறகு எவனாவது வந்தால், ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பாதியை அவன் கையில் வைத்து, "அரைப்பேரு" என்பார். காசு மட்டும் முழுப்பேருக்கு. மிச்சப் பாதி ஏழைகளுக்கோ அநாதைகளுக்கோ போயிருக்கும் என்று நினைக்கும் நல்ல உள்ளங்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவரே தின்றார். எங்கள் கண்ணெதிரே, நின்றபடி, கட்டச்சம்பல் தொட்டு.

ஏன் பொறுத்தோம்? பேச்சியக்காவின் கைக்காக. பேச்சியக்கா அவருடைய பெண்சாதி, அந்தக் கடையில் வேலை செய்த ஒரே ஆள். மாவும் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் அந்தக் கையில் சேர்ந்து கல்லில் விழுந்தால், வாசனை பனியைக் கிழித்துக்கொண்டு பாதைக்கு வந்து ஆளின் சட்டையைப் பிடிக்கும். புருஷன் ஒரு விறகுத் துண்டை எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. குடை நுனியால் கல்லைக் காட்டி, "அங்கன ஓரத்துல வேகல" என்பார்.

"வேகும், வேகும். நீங்க கோட்டுல மாவு படாம அங்கிட்டு நில்லுங்க," என்பார் அக்கா, தலை நிமிராமல்.

பஸ்களெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போன புதிது. கினிகத்தேனைப் பக்கமிருந்து வரும் காலை பஸ்ஸில் செல்லையா என்று ஒரு புதுக் கண்டக்டர் வந்தான். வாய்த்துடுக்கான பையன். முதல் நாளே பஸ் ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிட, பிந்தி வந்தான். கங்காணி ரொட்டியைப் பிய்த்தார்.

"அரைப்பேரு."

"என்னாது?"

"பெரட்டு முடிஞ்சிருச்சு. பிந்தி வந்தா அரைப்பேரு."

"யோவ், யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா? நான் கண்டக்டர்யா!"

தோட்டத்தில் கங்காணிக்கு மேலே கணக்கப்பிள்ளை, கணக்கப்பிள்ளைக்கும் மேலே கண்டாக்கு. கண்டாக்கையா மலைக்கு வருகிறார் என்றால் கங்காணியின் குடை தானாக மடங்கிக்கொள்ளும். எங்கள் ஆளின் காதில் நுழைந்தது கண்டக்டர், உள்ளே போய் விழுந்தது கண்டாக்கு. தலைப்பாகை கைக்கு வந்துவிட்டது. குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

"கண்டாக்கையாங்களா... சலாமுங்க."

முழு ரொட்டி. அதன் மேல் இன்னொன்று. உட்காரப் பெட்டி. பால் விடாத சாயத்தண்ணிக்குச் சீனி தனியாக. பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சிங்கள டிரைவர் மாத்தையா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். "அடே செல்லையா, ஒனக்கு பெரிய தொர வேல எப்ப குடுத்தது?"

அவன் டிக்கட் கிழிக்கிற கண்டக்டர்தான் என்று நாங்கள் அன்றைக்கே விளக்கிச் சொன்னோம். "தெரியும், தெரியும். நானென்னா மடையனா?" என்றார். மறுநாள் செல்லையா பஸ்ஸிலிருந்து குதித்ததும் கை தலைப்பாகைக்குப் போயிற்று. புத்திக்குத் தெரிந்தது முழங்காலுக்குத் தெரியவில்லை.

ஒரு ரொட்டிக்காக மனிதர்கள் எத்தனை நாள்தான் கையை நீட்டிக் காட்டுவார்கள்? பஸ் நிற்கும் இடத்தருகே புதிதாக ஒரு தேத்தண்ணிக்கடை வந்தது. அங்கே எத்தனை மணிக்குப் போனாலும் வடை வட்டமாகவே இருந்தது. வரிசை மெலிந்தது. நானா தன் கடை வாசலில் நின்று ஆட்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சாய்ப்பின் நீள அகலத்தைப் பார்க்கத் தொடங்கினார். கங்காணிக்கு இது எதுவும் உறைக்கவில்லை. "ஆள் கொறைஞ்சா பெரட்டு சுத்தமா இருக்கும்," என்றார்.

ஐப்பசி மழை பிடித்தது. மலைகளே இருமுவது போல இரவும் பகலும் இடி. அதற்குள் பேச்சியக்காவும் இருமத் தொடங்கினார். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஒருநாள் மாவுச் சட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டார். டிரைவர் மாத்தையாவின் பஸ்ஸில்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டில் படுக்க வைத்துக்கொண்டார்கள். தீபாவளி நெருங்கிவிட்டிருந்தது.

கங்காணி அடுப்புக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. மாவு பிசைந்தபடியே தன்னைத்தானே மேற்பார்வையும் பார்த்தார். "தண்ணிய ஊத்தாத! ஊத்தாதன்னா கேக்குறியா, தடியா!" என்று திட்டுவார். பிறகு ஊற்றுவார். அந்த ரொட்டியை எப்படிச் சொல்வது? கூரைக்குப் போட்டிருந்தால் நானாவுக்குத் தகரச் செலவு மிச்சம். வரிசையில் கடைசியாக மிஞ்சியது நானும் செல்லையாவும் டிரைவர் மாத்தையாவும், மழைக்கு ஒதுங்கிய ஒரு நாயும். நாயையும் வரிசைக்குள் தள்ளி நிறுத்தினார்.

இருட்டோடு எழுந்து கஞ்சி காய்ச்சி, தூக்குச்சட்டியோடு டிக்கோயாவுக்கு நடந்துபோய் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, திரும்ப ஓடிவந்து தகரத்தைத் தட்டுவார். ஒருநாளும் பிந்தியதில்லை.

தீபாவளிக்கு முந்திய நாள் பிந்தினார்.

அன்றைக்குத் தோட்டத்துச் சனமெல்லாம் சாமான் வாங்க முதல் பஸ்களிலேயே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பனிக்குள் கம்பளிகள் மட்டும் நடப்பது போலிருந்தது. தையல்காரனும் வந்துவிட்டான். கைவண்டியில் மெஷின், மெஷினுக்கு மேலே ரப்பர் சீலை. நானாவின் தாழ்வாரத்தில் காத்து நின்றான். சாய்ப்பு பூட்டாமல் கிடந்தது, அடுப்பு அவிந்து கிடந்தது. செல்லையாவுக்குக் குறும்பு தலைக்கேறியது. தகரத்தை எடுத்து ஓங்கித் தட்டினான்.

"பெரட்டு! பெரட்டு! ஆம்பளையாளு இந்தப் பக்கம், பொம்பளையாளு அந்தப் பக்கம்!"

விளையாட்டாகத்தான் கத்தினான். ஆனால் பாதையில் போன கம்பளிகள் நின்றன. திரும்பின. ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்டால் போய் நிற்க வேண்டும் என்பது அந்தக் கால்கள் நடக்கப் பழகிய நாளிலேயே பழகிக்கொண்டது. வரிசை சாய்ப்பைத் தாண்டி, நானாவின் சீனி மூட்டைகளைத் தாண்டி, பாதை வளைவில் பனிக்குள் போய் மறைந்தது. நின்ற பிறகுதான் முன்னால் இருந்த கிழவர் கேட்டார்: "என்னா வேல தம்பி?"

"ரொட்டி தின்னுற வேல," என்றான் செல்லையா.

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. ஆனால் யாரும் கலையவில்லை. செல்லையா பிசைந்த மாவைப் பார்த்துச் சகிக்காமல் இரண்டு பெண்கள் உள்ளே வந்து, "நகருங்க, இது ரொட்டிக்கா, செவுரு பூசவா?" என்று அவனைத் தள்ளிவிட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நின்று அலுத்தவர்கள் நானாவிடம் சீனியும் பருப்பும் வாங்கினார்கள். நானாவுக்குத் தராசை வைக்க நேரமில்லை.

கங்காணி வந்தார். மழை அவரைப் பிழிந்திருந்தது. தன் கடையில் தான் இல்லாமல் நடக்கும் பெரட்டைப் பார்த்தார். சண்டை போடுவார் என்று நான் ஆவலோடு எதிர்பார்த்தேன். அவர் நேராகப் போய் வரிசையின் வாலில் நின்றார். ஒவ்வொரு அடியாக நகர்ந்து, முன்னால் வந்து, செல்லையாவிடம் கையை நீட்டிக் காட்டினார்.

செல்லையா விறைத்துக்கொண்டு, "ஏன் பிந்துனது?" என்றான்.

"அவ கஞ்சி குடிக்க மாட்டேன்னுட்டாளுங்க, கண்டாக்கையா. குடிக்கிற மட்டும் நின்னேன். மூணு வாய் குடிச்சா. வந்துட்டேன்."

செல்லையாவின் முகத்தில் குறும்பு அணைந்தது. ஒரு முழு ரொட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தான். கங்காணி அதைப் பார்த்தார். பிய்த்தார். பாதியைத் திருப்பிப் பலகையில் வைத்தார்.

"சட்டமுன்னா சட்டந்தாங்க. எனக்கு அரைப்பேரு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தகரத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாத மனிதர், மழையில் நடுங்கிக்கொண்டு அந்தப் பாதியை ஏதோ பரிசு போலத் தின்றார். பைத்தியம்.

தாழ்வாரத்தில் தையல்காரன் இருமினான். நானா தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மெஷின அங்கால தள்ளு மச்சான். ஆள் நிக்க எடம் வேணும்."

இதோடு மனிதர் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். தீபாவளிக்கு மறுநாளே எனக்கு அரைப்பேரு கொடுத்தார். தோட்டமெல்லாம் இந்தக் கூத்து பரவி, வேடிக்கை பார்க்கவே ஆள் வந்தது. வந்தவர்களின் நகத்தைப் பார்த்தார், கொட்டாவியைப் பிடித்தார், கூரைத்தகடு போன்ற ரொட்டியைச் சுட்டுத் தள்ளினார். கடை நிலைத்துவிட்டது. ரொட்டி மட்டும் வேகவில்லை.

ஒரு லீவு நாள். காலைக் கூட்டம் இன்னும் கலையவில்லை, நானும் வரிசையில் நின்றேன். டிக்கோயாப் பக்கமிருந்து வந்த பஸ், நிறுத்தமே இல்லாத இடத்தில், சாய்ப்புக்கு நேராக நின்றது. கங்காணி கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டியிருக்கிறார்கள். செல்லையா முதலில் இறங்கி, பிறகு கையைப் பிடித்து இறக்கினான். கம்பளிக்குள் பேச்சியக்கா பாதியாகியிருந்தார். வரிசை தானாக விலகி வழி விட்டது.

கங்காணி அசையவில்லை. தோசைக்கரண்டி கையில் அப்படியே நின்றது. அக்கா கிட்டே வந்து அவரைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார்.

"கருகுதுங்க."

"தெரியும்," என்றார் கங்காணி. திருப்பவில்லை. கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொகை" என்றார் எங்களைப் பார்த்து. நாங்கள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அந்த ரொட்டி என் முறைக்கு வந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கரி, மறுபக்கம் பச்சை மாவு. தின்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன்.