காதுக்காரரின் இரண்டு அங்குலம்

உலகத்தில் காற்றோடு நேருக்கு நேர் பகை வளர்த்த மனிதர் ஒருவர் இருக்க முடியுமானால், அவர் எங்கள் காதுக்காரராகத்தான் இருப்பார். மற்றவர்கள் பங்காளியோடு பேசாமல் இருப்பார்கள். வரப்புக்காக அடுத்த தோட்டத்துக்காரரை முறைப்பார்கள். இவரோ, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியில் நுழைந்து ஆடி முழுவதும் திருப்பூரைப் புரட்டிப் போடுகிற மேல்காற்றோடு வழக்காடினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த வழக்கில் நான் ஒரு சாட்சி. குற்றவாளியும் நான்தானோ என்ற ஐயம் பிற்பாடுதான் வந்தது.

திருப்பூர் மண்ணரையில் பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் யூனிட்டில் அவர் ஃபிட்டர். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்தது. முதலாளி முதல் ஒடிசாவிலிருந்து வந்த ஆபரேட்டர்கள் வரை அனைவருக்கும் அவர் காதுக்காரர். வட்ட வடிவமான ஒவ்வொரு நிட்டிங் மெசினிலும் ஆயிரக்கணக்கான ஊசிகள் உண்டு. அவற்றில் ஒன்றின் கொக்கி முறிந்தாலும் துணியில் நெடுகக் கோடு விழும். கவனிக்காவிட்டால் ரோல் முழுவதும் பாழ். பிற ஃபிட்டர்கள் கோட்டைக் கண்ணால் பார்த்தபின் மெசினை நிறுத்துவார்கள். இவர் எதிர்ப்புற பேக்கரியில் தேங்காய் பன்னை மென்றுகொண்டிருக்கும்போதே தலையைச் சாய்ப்பார். "அஞ்சாம் நெம்பர்ல ஊசி போச்சுங்க" என்று பன்னைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவார். போய்ப் பார்த்தால் போயிருக்கும்.

என் வேலை காம்ப்ளையன்ஸ். அதாவது, எங்கள் தொழிற்சாலையில் எல்லா விதிகளும் கடைப்பிடிக்கப்படுகின்றன என்று துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் தணிக்கையாளரிடம் காட்டுவது. தீயணைப்பானுக்கு எப்படி ஓர் இடம் உண்டோ, அப்படிக் காதடைப்பானுக்கு என் அலமாரியில் ஓர் இடம் உண்டு. ஆரஞ்சு நிறத்தில் சிறு நுரைக் கட்டைகள் இரண்டு, நீல நூலால் இணைத்தவை. தணிக்கை நாளன்று காலையில் எல்லோருக்கும் ஒரு ஜோடி கொடுப்பேன். தணிக்கையாளரின் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கி, எண்ணிப் பூட்டி வைப்பேன். எங்கள் யூனிட் மட்டும் இப்படியென்று நான் நினைக்கவில்லை. அதனால் அப்போது என் மனசாட்சி நன்றாகத்தான் உறங்கியது.

ஒரு தணிக்கையில் வந்திருந்த அம்மையார் காதுக்காரரை நிறுத்தி, "இதைத் தினமும் போடுவீர்களா?" என்று கேட்டார். நான் பின்னால் நின்று கண்ணால் மன்றாடினேன். அவருக்குப் பொய் வராது.

"நீங்க வர்ற அன்னிக்குத் தவறாமப் போட்டுருவனுங்க."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பதினோரு பக்கம் விளக்கம் எழுதினேன்.

இப்படிப்பட்டவர் ஓர் ஆனி மாதக் காலையில் என் மேசைக்கு முன் வந்து ஹெல்மெட்டோடு உட்கார்ந்தார். அதைக் கழற்ற அஞ்சுகிறவர்போல இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

"அம்மிணி, என்ற காதுக்குள்ள என்னமோ ரீங்குதுங்க. விசில் மாதர. நிக்கவே மாட்டேங்குது."

"எப்ப இருந்துங்கண்ணா?"

"பத்து நாளாச்சு. காத்துதானுங்க காரணம். அவிநாசிபாளையம் போற வழில ஹெல்மெட்ட போட்டுத் தாக்குது பாருங்க, டமடமன்னு. தலையே கழண்டு வந்துரும்போல. அந்தச் சத்தம் உள்ள போய் உக்காந்துக்கிச்சு."

எங்கள் நிறுவனத்தின் இரண்டாவது யூனிட் தாராபுரம் சாலையில், அவிநாசிபாளையத்தில் இருக்கிறது. ஊசிகளைக் கேட்பதற்காக அவர் மோட்டார் சைக்கிளில் நாள்தோறும் போய் வந்தார். எனவே காரணம் எனக்கும் பொருத்தமாகவே பட்டது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டதுதான் என்னைக் கலக்கியது.

"காது போச்சுன்னா எனக்கு என்னங்க வேலை இருக்குது இங்க? கண்ணால பாக்கறதுக்கு எல்லாப் பசங்களும் இருக்கறாங்க."

அன்றே தீர்வையும் அவரே சொன்னார். வண்டிக்கு ஒரு விண்ட்ஷீல்டு மாட்ட வேண்டும்; காற்றை முகத்துக்கு வராமல் தடுத்து அனுப்பிவிட வேண்டும். நம்மில் ஒருவர் என்றால் கடைக்குப் போவார், ஒன்றைக் காட்டுவார், மாட்டிக்கொண்டு வருவார். காதுக்காரர் பின்னலாடைக்காரர். பார்த்தவுடன் வாங்குவதைப் பாவமாகக் கருதுகிற தொழில் எங்களுடையது. எதற்கும் முதலில் சாம்பிள் வேண்டும்.

ராயபுரத்தில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்த, சட்டை அளவுகளை அட்டையில் வெட்டித் தரும் பேட்டர்ன் மாஸ்டரிடம் போய், கெட்டி அட்டையில் ஐந்து முன்கண்ணாடிகள் வெட்டி வாங்கினார். ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல். ஒவ்வொன்றின் மூலையிலும் அளவு, தேதி, கையெழுத்து. பார்வை தெரிவதற்கு நடுவில் சன்னல் வெட்டி பாலித்தீன் ஒட்டியிருந்தார். அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பால் ஹெட்லைட்டுக்கு மேலே ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு தாராபுரம் சாலையில் ஒரு வாரம் ஓட்டினார். மாலையில் என் மேசைக்கு வந்து அறிக்கை வாசிப்பார். "மீடியம்: தோள்ல அடி கம்மி, நெத்தில சாஸ்தி. லார்ஜ்: பல்லடம் பக்கமிருந்து காத்து வந்தா வண்டி சைடு வாங்குது. அம்மிணி, எழுதிக்கறீங்களா?" எழுதிக்கொண்டேன். அவருடைய பதற்றம் எனக்கும் தொற்றியிருந்தது.

பிறகு, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கோன்களில் மிஞ்சிய சிவப்பு நூலைச் சாண் சாணாக நறுக்கி, அட்டையின் விளிம்பிலும் ஹெல்மெட்டிலும் கைப்பிடியிலும் தொங்கவிட்டார். நூல் நேராகப் பறந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது. படபடத்துச் சுழன்றால் அங்கேதான் இரைச்சல் பிறக்கிறது. இது எவ்வளவு சரியான சோதனை என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்து வியந்தேன். ஓட்டுகிறவர் தன் தலையில் பறக்கும் நூலைத் தானே பார்க்க முடியாது என்பது மட்டுமே குறை. ஆகவே எங்கள் செக்கிங் பிரிவில் இருந்த அவர் மனைவி சரசக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் சரசக்கா என்னிடம் முறையிட்டார். "ஏனுங் மேடம், இது என்ன கெரகமுங்க? 'நூலு எங்க போவுது, நூலு எங்க போவுது'ன்னு கேட்டுக்கிட்டே வர்றாரு. நூலெல்லாம் என்ற வாய்க்குள்ள போவுதுன்னேன். அதையும் எழுதச் சொல்றாரு!"

வழியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் அவர்களை நிறுத்தினாராம். தலை முதல் சக்கரம் வரை சிவப்பு நூல் தொங்கும் வண்டியைச் சுற்றி வந்து, "என்ன இது, வேண்டுதலா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க சார், சாம்பிளுங்க."

காவலர் போகச் சொல்லிவிட்டார். திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

முடிவில், தொண்டைக்குழி உயரத்தில் விளிம்பு முடிய வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அதற்குமேல் வரும் காற்று ஹெல்மெட்டில் நேராகவும் அமைதியாகவும் பட்டுப் போய்விடும். ஓர் ஒர்க்ஷாப்பில் அளவைக் கொடுத்து, கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்துதரச் சொன்னார். வந்தது. மாட்டினார். ஆடி முதல் வாரத்தில் அவிநாசிபாளையம் வரை போய்த் திரும்பியவர், யூனிட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை.

"முன்னைக்கும் மோசமுங்க அம்மிணி. தாடைக்கடில புகுந்து பறை அடிக்குது. கண்ணு ரெண்டும் ஆடுது. ரோடே ரெண்டாத் தெரியுது. அட்டைல நல்லா இருந்துச்சே! அட்டைல அப்ரூவ் ஆனது எப்படிங்க புரொடக்‌ஷன்ல தப்பும்?"

நான் அளவுத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சட்டை அளவுத்தாளைப் போலவே கட்டம் கட்டி எழுதியிருந்தார். உயரம், மேல் அகலம், கீழ் அகலம். எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரியில் மட்டும் ஒரு கூட்டல் குறி.

"இதென்னங்கண்ணா, 'பிளஸ் ரெண்டு இஞ்ச்'?"

"அது சிரிங்கேஜுங்க."

பனியன் துணி சாயத்திலும் சலவையிலும் சுருங்கும். அதனால் எங்கள் ஊரில் எந்த அளவு எழுதினாலும் சுருக்கத்துக்கென்று கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். கை தானாகவே எழுதிவிடும்.

"அண்ணா, அக்ரிலிக் எந்த வாஷிங்லீங்க சுருங்கப் போவுது?"

அவர் தாளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார், காற்று கேட்டுவிடக் கூடாதே என்பவர்போல.

"பழக்க தோசமுங்க."

தொண்டைக்குழியில் நிற்க வேண்டிய விளிம்பு அந்த இரண்டு அங்குலத்தால் தாடைக்கு ஏறி, காற்றைச் சுழற்றி நேரே ஹெல்மெட்டுக்கு அடியில் செலுத்திக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் அளந்து அறுத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கினார்கள். மறுநாள் காலையில் அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒளி இருந்தது.

"தலை ஆடலீங்க! டமடம இல்லீங்க! காத்து தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போவுது!"

செக்கிங் பிரிவுக்கே தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன். வழக்கு முடிந்துவிட்டதென்று நம்பினேன்.

நான்கு நாள் கழித்து, ஏதோ கையெழுத்து வாங்க நிட்டிங் ஷெட்டுக்குள் போனேன். மூன்றாம் எண் மெசினிலிருந்து இறங்கும் துணியில், என்னைப் போன்றவளின் கண்ணுக்கே தெரியும்படி, ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்றடி தூரத்தில் காதுக்காரர் நின்றிருந்தார். தலை வழக்கம்போல் சாய்ந்திருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு, மெசினின் காலில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். சற்றுப் பொறுத்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார்.

ஷெட்டுக்கு வெளியே வந்து நின்றோம்.

"ரீங்காரம் நிக்கலீங்களாண்ணா?"

"காத்து அடிக்கறது நின்னு போச்சுங்களே" என்றார், வேறு எதையோ பார்த்துக்கொண்டு.

கேட்பதற்கு எனக்குத் துணிவில்லாதிருந்த கேள்வியை அப்போது கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வண்டியே எடுக்க மாட்டீங்கல்ல. அன்னிக்கு?"

உள்ளே இருபது மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே நின்றும் நாங்கள் உரத்துத்தான் பேசிக்கொண்டிருந்தோம்; அது வழக்கமாகிவிட்டதால் இருவருக்கும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமையும் இருக்குதுங்க. பொங்கலுக்கு மூணு நாள் லீவு விட்டப்பவே லேசா இருந்துச்சு. ஆனா அம்மிணி, காத்துன்னா ஒரு கண்ணாடி மாட்டிக்கலாம். மெசின்னா நான் எங்கீங்க போவேன்?"

அந்தப் பத்து நாள் கணக்கும், அட்டையும், நூலும், இரண்டு அங்குலமும் எதற்காக என்று எனக்கு அப்போது விளங்கியது. என் அலமாரியில் ஆரஞ்சு நிறத்தில் பூட்டிக் கிடந்தவை எவை என்பதும் விளங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த ஷெட்டில் நின்றவருக்கு, அவற்றை ஆண்டுக்கு இரண்டு காலைப்பொழுது கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்கியவள் நான்.

சரசக்காவும் நானுமாக அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சோதனை அறைக்குள் அவர் இருந்த அரை மணி நேரம், வெளியே சரசக்கா என் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். அது என்னுடையது என்பதை அவர் கவனிக்கவில்லை. போன காது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இரைச்சலில் அடைப்பான் இல்லாமல் நிற்கவே கூடாது என்றார் மருத்துவர். வண்டியிலும் போட்டுக்கொள்ளலாமா என்று காதுக்காரர் கேட்டார். ஹாரன் கேட்கும், காற்றின் இரைச்சல்தான் குறையும், போடுங்கள் என்றார். "அப்ப அந்தக் கண்ணாடி?" என்று காதுக்காரர் விடவில்லை. அதுவும் நல்லதுதான் என்று மருத்துவர் சொன்ன பிறகே எழுந்தார்.

முதலாளியிடம் நானே போய், காது போனதையும் அவர் கையால் கண்டுபிடிப்பதையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "கையில கண்டுபிடிக்கறாருங்களா? ரோலு பாழாகறதுக்குள்ள நிறுத்தறாருல்ல? அப்புறம் என்னங்க" என்றார். அன்று முதல் அலமாரிக்குப் பூட்டு இல்லை. ஆபரேட்டர்கள் எல்லோரும் உடனே போட்டுக்கொண்டார்கள் என்று சொன்னால் அது தணிக்கை அறிக்கை ஆகிவிடும். பாதிப் பேர் போட்டார்கள். காதுக்காரர் போட்டதைப் பார்த்து மீதிப் பேரில் சிலர் போட்டார்கள்.

இன்றும் தினமும் காலை எட்டு மணிக்கு என் மேசைக்கு முன் வந்து உள்ளங்கையை நீட்டுகிறார். ஒரு ஜோடி காதடைப்பானை வைப்பேன்.

"என்னங் அம்மிணி, இன்னிக்கு ஆடிட்டுங்களா?"

"ஆமாங்கண்ணா."

இரண்டு ஆண்டுகளாக இதே கேள்வி, இதே பதில். மாலையில் அந்தக் காதடைப்பான்களை மாட்டிக்கொண்டு, குட்டையான அந்த முன்கண்ணாடிக்குப் பின்னால் குனியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டாவது யூனிட்டைப் பார்க்கத் தாராபுரம் சாலைப் பக்கம் கிளம்புகிறார். அவர் வண்டி சத்தம் தேய்ந்து மறைகிறவரை நான் சன்னலைச் சாத்துவதில்லை. அவருக்குக் கேட்காததில் கொஞ்சத்தையாவது அவருக்காக நான் கேட்டு வைக்க வேண்டாமா?