சந்தேகம் பிடித்த ஒயர்

தன் பெயரையே சந்தேகப்பட்ட மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். பெயர் கேட்டால், "ஊட்டுல ஒண்ணு கூப்புடறாங்க, ரேஷன் கார்டுல வேற ஒண்ணு போட்டிருக்குது. எது சரின்னு சந்தேகமா இருக்குதுங்க" என்பார். ஊர் அந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்துவிட்டது. அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்துவிட்டது.

டீக்கடையில் சர்க்கரை போட்டாச்சா என்று இரண்டு முறை கேட்பார். குடித்து முடித்துவிட்டு மூன்றாம் முறை கேட்பார். தன் கல்யாணத்தன்று சத்திரத்து வாசலில் நின்று, "இது நம்ம கல்யாணந்தானுங்களா?" என்று விசாரித்தாராம். இப்படிப்பட்டவரிடம் லாரிக்காரர்கள் ஏன் வரிசையில் நின்றார்கள் என்றால், சந்தேகமே இல்லாத மற்ற எலக்ட்ரீசியன்களிடம் அவர்கள் ஏற்கெனவே போய் வந்திருந்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மோகனூரில், காவிரியின் ஆழத்தை அளக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. எனக்கு மேலே ஓவர்சியர் அருளப்பன். சேலத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவர். கோபம் வந்தால் "மாதாவே" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த வருஷம் எங்களுக்கு ஒரு படகும், அதன் பின்புறம் மாட்டுகிற பெட்ரோல் மோட்டாரும் வந்தன. அதற்குப் பிறகு அவர் மாதாவை மணிக்கு நான்கு முறை கூப்பிட்டார்.

கரையில் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மாட்டி ஓட்டினால் மோட்டார் சங்கீதம் பாடும். ஆற்றுக்குள் போனால் நடு ஆறுவரை ஒழுங்காகப் போகும். அங்கே திரும்பும்போது நின்றுவிடும். மூன்று முறை மிதந்து போனோம், மூன்று முறையும் ஒரு பரிசல்காரர் எங்களைக் கட்டி இழுத்து வந்தார். அவர் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் ஓவர்சியருக்குத் தாங்கவில்லை. பிளக்கை மாற்றினோம், பெட்ரோலை வடிகட்டினோம். யாரோ சொன்னதைக் கேட்டு எலுமிச்சம்பழமும் நசுக்கினோம். கடைசியில் சந்தேகத்துக்கு ஆள் விட்டோம்.

காலை பஸ்ஸில் வந்து இறங்கியவர், மோட்டாரை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்க, இதுக்கு பேட்டரி எங்கீங்க?"

"பேட்டரி கிடையாது" என்றார் ஓவர்சியர். "உள்ளே காந்தம் சுத்தும். அதுலயே கரண்டு வரும்."

"அப்ப இது லாரி இல்லீங்க."

"இல்லைதான்."

"அதான், பாத்ததுமே சந்தேகமா இருந்துச்சு."

பிளக்குக்குப் போகும் ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்து, "சித்தெ புடிங்க சாமி" என்றார். பிடித்தேன். கயிற்றை இழுத்தார். தோள்வரை உதறியது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"வந்துச்சுங்களா?"

"வந்துச்சு" என்றேன்.

"அப்ப கரண்டு இருக்குது. ஆனா போவுது. எங்க போவுதுன்னுதான் தெரியலீங்க."

நீச்சல் தெரியாதவர். லாரி டியூப் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு படகில் ஏறினார். நடு ஆற்றில் படகை இடது பக்கம் திருப்பினோம், மோட்டார் நின்றது. கைப்பிடியை நேராக வைத்துக் கயிற்றை இழுக்கச் சொன்னார், ஓடியது. திருப்பச் சொன்னார், நின்றது. நேராக வைத்தால் ஓடியது. "ரோசக்கார மோட்டாருங்க" என்றார். ஓவர்சியர் மாதாவை அழைத்தார். எனக்கு எந்தப் பக்கம் கரை என்பதே மறந்துவிட்டது.

பிறகு அவர் குனிந்து, கைப்பிடிக்கு அடியில் போகும் ஒரு மெல்லிய ஒயரைக் காட்டினார்.

"இது எதுக்குங்க?"

"மோட்டாரை நிறுத்தற பொத்தானுக்குப் போகுது."

"அப்ப அது வேலைய அது ஒழுங்காத்தானுங்களே பாக்குது."

விஷயம் இதுதான். பொத்தானை அமுக்கினால், பிளக்குக்குப் போகவேண்டிய கரண்டு அந்த ஒயர் வழியாக மோட்டாரின் உடம்புக்கே போய்விடும். மோட்டார் நின்றுவிடும். ஒயரின் மேல்தோல் தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் அது இரும்பில் பட்டு ஷார்ட் ஆனது. யாரும் தொடாத பொத்தானை ஆறு மாதமாக ஒயரே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பீப்பாயில் யாரும் கைப்பிடியைத் திருப்பவில்லை என்பதால் அங்கே சங்கீதம்.

கரைக்கு வந்து, "புது ஒயரு வாங்கியாரணும், நாளைக்கு வாரனுங்க" என்று அவர் டியூபைக் கழற்றும்போது தண்டோராச் சத்தம் கேட்டது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். நடு ஆற்றுத் திட்டில் கடலைக்காய் பறிக்கப் போன ஏழெட்டுப் பெண்கள் துணியை வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அதற்குள் நிறம் மாறிவிட்டது. பரிசல்காரர் இறங்கிப் பார்த்தார். பரிசல் கிறுகிறுவென்று சுற்றி, கீழே தள்ளி ஒதுங்கியது.

சந்தேகம் படகுக்குத் திரும்பி ஓடினார். பொத்தான் பக்கத்தில் ஒயரைப் பிடுங்கினார். செம்பு தெரிந்த இடத்தில் டேப் சுற்றினார். ஈரத்தில் டேப் ஒட்டவில்லை. ஒயரை இரும்பில் படாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றார்.

படகு கிளம்பியது. பொத்தானின் ஒயரைப் பிடுங்கிவிட்டதால், இப்போது மோட்டாருக்கு நிற்கவே தெரியவில்லை. திட்டில் போய் மூக்கை மணலில் முட்டிக்கொண்டு உறுமியது. பெண்கள் ஓடும் படகில்தான் ஏறினார்கள். கடலைக்காய் மூட்டையை விட மறுத்த ஒரு அம்மாளை, மூட்டையோடு ஓவர்சியர் தூக்கிப் போட்டார். இரண்டு நடை போய் வந்தோம். அலை தெறிக்கும் போதெல்லாம் ஒயரிலிருந்து கரண்டு அடித்து, சந்தேகத்தின் தோள் வெட்டி வெட்டி இழுத்தது. ஒயரை மட்டும் விடவில்லை.

"கையை மாத்திக்கங்க" என்று கத்தினேன்.

"மாத்தற நேரத்துல பட்டுருச்சுன்னா?" என்றார். பல் கிட்டியிருந்தது.

கடைசி நடையில் எல்லோரும் இறங்கிய பிறகு, ஓவர்சியர் பெட்ரோல் குழாயை மடக்கிப் பிடித்து மோட்டாரின் மூச்சை நிறுத்தினார். திட்டு இருந்த இடத்தில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மூட்டைக்கார அம்மாள் மடி நிறையக் கடலைக்காய் கொண்டுவந்து சந்தேகத்தின் துண்டில் கொட்டினார். "தின்னு சாமி" என்றார். அவர் ஒன்றை எடுத்தார். கரண்டு வாங்கிய விரலில் பிடி நிற்காமல் நழுவியது. மறுபடியும் எடுத்தார், நழுவியது. ஓவர்சியர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்து அவர் உள்ளங்கையில் வைக்கத் தொடங்கினார்.

சந்தேகம் ஊர் திரும்பவேண்டிய சாயங்கால பஸ் வரும் நேரம். அன்று அது கொஞ்சம் தாமதமாக வந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.